மதுரை வட்டாரக் களஞ்சியமும் அதன் கூட்டாளி அமைப்புகளும்: ஒரு மதிப்புரை

மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் அவசரத்துக்குப் பணம் புரட்டுவது கடினமான காரியமே அல்ல. தண்டல்காரர் வாசலுக்கே வருவார். நுண்கடன் நிறுவனத்தின் பையன் வண்டியை நிறுத்தி ஆதார் அட்டையைக் கேட்பான். அடகுக்கடைக்காரர் முகம் தெரிந்தவர். வாங்கியதைக் கட்டி முடிக்கும்போதுதான் குடும்பம் ஆட்டம் காண்கிறது. இந்தச் சூழலில், தானம் அறக்கட்டளை என்ற தொண்டு நிறுவனத்தின் துணையோடு பெண்களே நடத்தும் சேமிப்பு, கடன் குழுக்களின் கூட்டமைப்புகளான வட்டாரக் களஞ்சியங்களும், அவற்றோடு கைகோத்து வேலை செய்யும் காப்பீட்டு, மருத்துவ, நிதிக்கல்வி அமைப்புகளும் ஒரு குடும்பத்துக்கு உண்மையில் என்ன தருகின்றன என்பதை, மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நெடுநாள் உறுப்பினராக இருக்கும் என் சித்தியின் வரவு செலவுகளைப் பார்த்துக்கொள்பவன் என்ற முறையில் இங்கே மதிப்பிடுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கடன் சேவை நன்று, அதைவிட நன்று, ஓர் அமைப்பின் ஊழியர் நம்மை அடுத்த அமைப்பின் வாசல்வரை கூட்டிக்கொண்டு போய் விடும் பழக்கம், அந்தப் பழக்கம் எங்கே அறுபடுகிறதோ அங்கே மொத்த ஏற்பாடும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த தொலைபேசி எண்ணாகச் சுருங்கிவிடுகிறது.

தானம் அறக்கட்டளை 1997இல் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு உருவானது. களஞ்சியக் குழுக்கள் அதற்கும் முந்தியவை; பிரதான் என்ற தொண்டு நிறுவனம் 1990ஐ ஒட்டி மதுரைப் பக்கத்தில் தொடங்கிய வேலையின் தொடர்ச்சி அவை. இந்த இயக்கத்தை வெளியுலகம் அறிந்தது புல்லுசேரி சின்னப்பிள்ளையால்தான். கூலி வேலைக்குப் போகும் பெண்களைச் சேர்த்துக் குழு அமைத்த அவர் 2001இல் தில்லியில் ஸ்திரீ சக்தி விருது வாங்கியபோது, பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கிய படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. 2019இல் பத்மஸ்ரீயும் கிடைத்தது. அந்தப் படத்தை இன்றும் பலர் நினைவு வைத்திருக்கிறார்கள். அதற்குப் பின்னால் இருக்கும் கணக்குப் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

ஏறத்தாழ இருபது பெண்கள் சேர்ந்தால் ஒரு களஞ்சியம். பல களஞ்சியங்கள் சேர்ந்து ஒரு தொகுப்பு, தொகுப்புகள் சேர்ந்து வட்டாரக் களஞ்சியம் என்று மூன்று அடுக்குகள். வட்டாரக் களஞ்சியம் தனியாகப் பதிவு பெற்ற அமைப்பு. அதன் நிர்வாகிகள் உறுப்பினர்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். அலுவலகச் செலவின் பெரும்பகுதியை உறுப்பினர்கள் செலுத்தும் கட்டணமும் வட்டியில் ஒரு பங்கும் தாங்க வேண்டும் என்பது கொள்கை. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், மானியத்தை மட்டும் நம்பிய தொண்டு நிறுவனங்கள் திட்டக் காலம் முடிந்ததும் பலகையைக் கழற்றிக்கொண்டு போவதை நம் மாவட்டம் போதுமான அளவுக்குப் பார்த்திருக்கிறது.

சித்தியின் குழு கூடுவது மந்தை அருகே உள்ள சாவடியில். இரவுச் சமையல் முடித்து, எட்டு மணிக்கு மேல்தான் எல்லோரும் வந்து சேர்வார்கள். வட்டமாக உட்கார்ந்ததும் கணக்காளர் பேரேட்டை விரிப்பார். ஒவ்வொருவரும் சந்தாவையும் தவணையையும் நடுவில் விரித்த துண்டின்மேல் வைப்பார்கள். தொகையைக் கணக்காளர் உரக்கச் சொல்ல, அதைப் பக்கத்தில் இருப்பவர் தம் பாஸ்புக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துத் தலையாட்டிய பிறகே அடுத்த பெயர். எழுதப் படிக்கத் தெரியாத இருவர் பணத்தை நோட்டு நோட்டாகப் பிரித்து இரண்டு முறை எண்ணிக் காட்டுவார்கள். "நோட்டுல ஏறாத காசு, குடுத்த காசு இல்ல தம்பி" என்று சித்தி சொல்வார். நான் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளையில் என் பணம் இவ்வளவு கண்களுக்கு முன்னால் எண்ணப்பட்டதில்லை.

கடன் யாருக்கு முதலில் என்பதும் அங்கேயே பேசப்படுகிறது. சென்ற ஆண்டு ஒருவர் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கும், இன்னொருவர் அடகில் மூழ்கப்போகும் தோட்டை மீட்பதற்கும் ஒரே கூட்டத்தில் கேட்டார்கள். இருவருக்கும் தரப் பணம் இல்லை. கட்டணத்துக்குக் கடைசி நாள் நெருங்கிவிட்டதால் அது முதலில்; தோட்டுக்காரர் வட்டியை மட்டும் கட்டி அடகைத் திருப்பி வைக்க ஒரு சிறு தொகை. இந்த அளவுக்கு ஆளை அறிந்து எடுக்கும் முடிவை எந்தக் கடன் மதிப்பெண்ணும் எடுக்காது. ஆனால் இதே நெருக்கம் இன்னொரு பக்கமும் வெட்டும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வட்டிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தண்டலில் பத்தாயிரம் என்று பேசினால் கையில் தருவது பெரும்பாலும் 8,500. நாளுக்கு நூறு வீதம் நூறு நாளில் பத்தாயிரத்தைக் கட்ட வேண்டும். கையில் பிடித்துக்கொண்ட 1,500 ரூபாயை, நாளுக்கு நாள் குறைந்துவரும் பாக்கியோடு ஒப்பிட்டால், ஆண்டு வட்டி நூறு விழுக்காட்டைத் தாண்டிவிடும். சித்தியின் குழுவில் மாதம் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் வட்டி, அதுவும் அசல் குறையக் குறைய. பத்தாயிரத்தைப் பத்து மாதத்தில் மாதம் ஆயிரமாக அடைத்தால் மொத்த வட்டி 825 ரூபாய். அந்த வட்டியும் குழுவின் கூட்டு நிதிக்கே திரும்பி வருகிறது. தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003 முதல் இருக்கிறது. கடன் வசூலில் மிரட்டலைத் தடுக்க 2025இல் இன்னொரு சட்டமும் வந்தது. சட்டங்கள் தேவைதான்; ஆனால் இரவு ஒன்பது மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் சட்டப் புத்தகத்திலிருந்து ஆயிரம் ரூபாய் கிடைக்காது, சாவடிக் குழுவிலிருந்து கிடைக்கும்.

கடன் மட்டும் என்றால் இந்த மதிப்புரைக்கே தேவை இருந்திருக்காது. ஒரு குடும்பம் ஒரே இரவில் பள்ளத்தில் விழுவது பெரும்பாலும் சாவாலும் நோயாலும். எனவே கடன் தரும் அமைப்புக்குப் பக்கத்திலேயே காப்பீடும் மருத்துவமும் இருக்க வேண்டும். தானம் குடும்பத்தில் இதற்கென்றே தனி அமைப்புகள் இருக்கின்றன: குழுக்களுக்கும் வங்கிகளுக்கும் இடையே கடன் நிதியைக் கொண்டுவரும் களஞ்சியம் வளர்ச்சி நிதி நிறுவனம், காப்பீட்டைக் கவனிக்கும் பீப்பிள் மியூச்சுவல்ஸ், மருத்துவத்துக்குச் சுகம். எல்லாம் ஒரே தாய் அமைப்பின் கிளைகள் என்பதால் இதைக் கூட்டு முயற்சி என்று சொல்லலாமா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி நிர்வாகமும் தனிக் கணக்கும் இருப்பதால், உறுப்பினர் பார்வையில் அவை வேறு வேறு கதவுகளே.

காப்பீட்டில் இந்த ஏற்பாட்டின் பயனை நான் நேரில் கண்டேன். பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டுக்கு 436 ரூபாய், சுரக்ஷா விபத்துத் திட்டத்துக்கு 20 ரூபாய். இரண்டிலும் காப்பீட்டுத் தொகை இரண்டு இலட்சம். பணம் மே மாதக் கடைசியில் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படும். அந்த வாரம் கணக்கில் 456 ரூபாய் இல்லாவிட்டால் பாதுகாப்பு சத்தமில்லாமல் நின்றுபோகும்; குடும்பத்துக்கு அது தெரியவருவது சாவு வீட்டில்தான். நூறு நாள் வேலைக் கூலியும் மகளிர் உரிமைத்தொகையும் வந்த வேகத்தில் எடுக்கப்படும் கணக்குகளில் மே மாதக் கடைசியில் என்ன இருக்கும்? சித்தியின் குழுவில் மே மாதக் கூட்டத்தில் இதற்கென்றே பாஸ்புக்குகளைப் புரட்டிப் பார்க்கிறார்கள். இருப்பு குறைந்தவருக்குக் குழுவே கைமாற்றாகப் போட்டுவிடுகிறது. வாரிசுதாரர் பெயர் பதிவாகியிருக்கிறதா என்பதையும் அன்றே சரிபார்க்கிறார்கள். எந்த விளம்பரத்திலும் வராத இந்தச் சின்னக் காரியத்துக்கு நான் முழு மதிப்பெண் தருவேன்.

மருத்துவத்தில் வெளி அமைப்புகளோடு சேர்ந்து செய்வதற்குச் சிறந்த மாதிரி மதுரையிலேயே இருக்கிறது: 1976இல் பதினொரு படுக்கைகளோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் முகாம்கள். இடம் பிடிப்பதும் ஊருக்கு அறிவிப்பதும் உள்ளூர் அமைப்பின் பொறுப்பு. மருத்துவர்களும் கருவிகளும் மருத்துவமனையின் பொறுப்பு. அறுவை சிகிச்சை தேவை என்று தேர்வானவர்களை அன்றே பேருந்தில் ஏற்றிக்கொண்டு போய், தங்குமிடம், சாப்பாடு, சிகிச்சை எல்லாம் இலவசமாக முடித்து, ஊரிலேயே கொண்டுவந்து விடுகிறார்கள். கண்புரையால் நாற்று நடப் போக முடியாமல் கிடந்த ஒரு பெண் மறுபடி கூலிக்குப் போவது அந்த வீட்டுக்கு எந்தக் கடனைவிடவும் பெரிய வரவு. இந்த முகாம்கள் ஓடுவதற்குக் காரணம், யார் எதுவரை என்ற எல்லையில் ஐயமே இல்லாததும், நோயாளியைக் கைமாற்றும் இடத்தில் பேருந்து நிற்பதும்தான்.

நிதிக்கல்வி மையங்களைப் பற்றி அவ்வளவு உற்சாகமாகச் சொல்ல முடியவில்லை. ரிசர்வ் வங்கி 2017இல் தொண்டு நிறுவனங்களையும் வங்கிகளையும் சேர்த்து வட்டார அளவில் இந்த மையங்களைத் தொடங்கியது; நடத்தத் தேர்ந்தெடுக்கப்பட்ட தொண்டு நிறுவனங்களுள் தானமும் ஒன்று. பின்னர் திட்டம் விரிந்தபோது ஒரு மையம் ஏறத்தாழ மூன்று வட்டாரங்களைப் பார்க்கும்படி ஆகிவிட்டது. சொல்லித் தரும் பாடம் பயனுள்ளதே: ஆண்டு வருமானம் மூன்று இலட்சத்துக்கு உட்பட்ட குடும்பத்தின் மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் தரக்கூடாது, காலை ஒன்பதுக்கு முன்பும் மாலை ஆறுக்குப் பின்பும் வசூலுக்கு வரக்கூடாது, முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது என்று 2022இல் ரிசர்வ் வங்கி நுண்கடனுக்கு வகுத்த விதிகளைப் பெரும்பாலான பெண்கள் இந்தக் கூட்டங்களில்தான் முதன்முறை கேட்கிறார்கள். இணைய மோசடிக்கு 1930, வங்கிகள் மீதான புகாருக்கு 14448 என்ற எண்களும் பலருக்கு மனப்பாடம். ஆனால் விதியை அறிந்த பெண் இரவு எட்டு மணிக்கு வாசலில் நிற்கும் வசூல்காரரிடம் அதைச் சொல்லும்போது, அவர் பக்கத்தில் நிற்க யார் வருவார்கள் என்பதற்கு மையத்திடம் பதில் இல்லை.

மொத்த ஏற்பாட்டின் பலவீனமும் இதே இடத்தில்தான். சித்தியின் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் குழுக்கடன் தவிர வெளியில் மூன்று நுண்கடன்கள். உதவிக்குப் பரிந்துரைக்கப்பட்ட ஓர் ஆலோசனை அமைப்புக்கு நானும் அவரோடு போனேன். அங்கே விவரங்களை முதலிலிருந்து எழுதிக்கொண்டார்கள். ஆதார் நகல், ரேஷன் அட்டை நகல், புகைப்படம் என்று மறுபடியும் எல்லாம் கேட்டார்கள். பிறகு வேறோர் அமைப்பின் எண்ணைக் கொடுத்தார்கள். அந்த எண்ணை எடுப்பார் இல்லை. அலைச்சலில் அவருக்குப் போனது கூலியும் பேருந்துக் காசும். கடன் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஒரு குடும்பத்தின் மொத்தக் கடன் எவ்வளவு என்பதை எழுதிய ஒற்றைத் தாள் இந்த அமைப்புகளில் எவரிடமும் இல்லை. ஒவ்வொருவரும் தம் பதிவேட்டில் உள்ளதை மட்டும் அறிவார்கள். உறுப்பினரின் சம்மதத்தோடு அப்படி ஒரு தாளைத் தயாரித்து, அவர் கையிலேயே கொடுத்தனுப்பினால், அடுத்த அமைப்பு கேட்கும் கேள்விகளில் பாதி குறையும். இதற்கு மென்பொருள் எதுவும் வேண்டாம், குழுக் கணக்காளரின் பேனா போதும்.

முன்னே சொன்ன நெருக்கத்தின் மறுபக்கமும் உண்டு. தவணை தவறியவரின் கதை சாவடியில் எல்லோருக்கும் தெரியும். கட்ட முடியாத மாதங்களில் கூட்டத்துக்கு வரவே கூசி, தண்டலில் வாங்கிக் குழுவுக்குக் கட்டியவர்கள் இருக்கிறார்கள். குழு வந்ததே தண்டலை ஒழிக்க என்பதை நினைத்தால் இது கசப்பான வேடிக்கை. திருப்பூருக்கும் கேரளத்துக்கும் வேலைக்குப் போய் வரும் குடும்பங்களால் மாதக் கூட்டத்துக்கு ஒழுங்காக வர முடிவதில்லை. நகரத்தில் வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவர்களைச் சேர்க்கக் குழுக்கள் தயங்குகின்றன. ஆக, மிகவும் தேவைப்படுகிறவர்களில் ஒரு பகுதியினர் வெளியிலேயே நின்றுவிடுகிறார்கள். தனியாக வாழும் ஆண்களுக்கு இந்த ஏற்பாட்டில் இடமே இல்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

சேர நினைப்பவர்களுக்கு: நிலையான முகவரியும், கூட்டத்துக்கு வரும் ஒழுங்கும், அவசரத் தேவை வருமுன் சில மாதங்கள் சேமிக்கும் பொறுமையும் இருந்தால் தயங்காமல் சேரலாம். நாளைக்கே இரண்டு இலட்சம் வேண்டும் என்பவருக்கு இது உதவாது. சேரும் முன் அந்தக் குழுவின் பேரேட்டைக் கேட்டுப் பாருங்கள்; காட்டத் தயங்கும் குழு என்றால் அடுத்த தெருக் குழுவை விசாரியுங்கள். சந்தா, கட்டணம், வட்டி மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வட்டி அசல் குறையக் குறையவா, முழுத் தொகைக்குமா என்பதையும் சேர்த்து. ஏற்கெனவே வெளிக்கடன் இருந்தால் மறைக்காமல் முதல் கூட்டத்திலேயே கணக்காளரிடம் சொல்லிவிடுவது நல்லது. சித்தியின் குழுவில் அப்படிச் சொன்ன ஒருவருக்கு, அதிக வட்டிக் கடனை முதலில் அடைக்கும்படி தவணையைப் பிரித்துக் கொடுத்தார்கள். மருத்துவம், காப்பீடு, புகார் என்று எந்தத் தேவைக்காக வேறோர் அமைப்புக்கு அனுப்பப்பட்டாலும், எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பாமல், அங்கே யாரைப் பார்க்க வேண்டும், எந்தக் கிழமையில் இருப்பார், கூட வர யாராவது உண்டா என்ற மூன்றையும் வட்டாரக் களஞ்சிய அலுவலகத்திலேயே கேட்டு வாங்கிக்கொண்டு புறப்படுங்கள்.