கார்டு பாக்கிக்கு ஏஜெண்ட் செக் கேட்டால் கொடுக்காதீர்கள்

கிரெடிட் கார்டு பாக்கியில் சிக்கியிருப்பவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். வசூலுக்கு வருகிறவரிடம் கையெழுத்துப் போட்ட செக்கை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். "செக்யூரிட்டிக்குத்தான் சார், பேங்கில் போட மாட்டோம்" என்று எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் வேண்டாம். என் தம்பியிடம் இதைச் சொல்லித்தான் வாங்கிக்கொண்டு போனார்கள்.

தம்பி திருநெல்வேலியில் இருக்கிறான். அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்காகக் கார்டில் போட்டது 68,000 ரூபாய். நடுவில் வேலை போனதால் மாதம் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகையான மினிமம் டியூகூடக் கட்ட முடியவில்லை. மாதம் மூன்றரை சதவீதத்துக்கு மேல் வட்டி, லேட் ஃபீஸ், அவற்றின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி என்று ஒன்றரை வருடத்தில் 1,40,000 ஆகிவிட்டது.

காலை ஆறரைக்கும் ராத்திரி பத்துக்கும் போன் வரும். ஒருநாள் அசோகச் சின்னம் போட்ட 'கைது வாரண்ட்' வாட்ஸ்அப்பில் வந்தது. மறுநாள் இரண்டு பேர் வீட்டு வாசலிலேயே நின்று, தெருவுக்கே கேட்கும்படி, "சாயங்காலம் போலீஸ் வரும், உள்ளே போக வேண்டியதுதான்" என்றார்கள். அம்மா அழ ஆரம்பித்ததும் குரலை இறக்கி, 60,000 ரூபாய்க்கு செட்டில்மெண்ட், அதாவது பாக்கியைக் குறைத்துக் கணக்கை முடித்துத் தருவதாகப் பேச்சை மாற்றினார்கள். 10,000 ரூபாய் ரொக்கமும் தொகை எழுதாத இரண்டு செக்கும் வாங்கிக்கொண்டார்கள். ரசீது தரவில்லை. செட்டில்மெண்ட் லெட்டர் ஒரு வாரத்தில் வந்துவிடும் என்றார்கள்.

லெட்டர் வரவே இல்லை. கொடுத்த ரொக்கம் கார்டு கணக்கில் ஏறவும் இல்லை. ஏஜெண்டின் நம்பர் அணைந்துவிட்டது. கிளையில் போய்க் கேட்டால், கார்டு விவகாரம் எல்லாம் சென்னையில்தான் என்றார்கள். ஒரு செக்கில் முழுப் பாக்கியையும் எழுதி வங்கியில் போட்டிருக்கிறார்கள். அது பவுன்ஸ் ஆனது. வக்கீல் நோட்டீஸ் வந்தது, பின்னாலேயே சென்னைக் கோர்ட்டிலிருந்து சம்மனும்.

எனக்கு ஆறாத கோபம் இதில்தான். கார்டு பாக்கியைக் கட்ட முடியாமல் போவது குற்றம் அல்ல, சிவில் விவகாரம். பொய் ஆவணம் கொடுத்துக் கார்டு வாங்கியது போன்ற மோசடி இருந்தால் கதை வேறு. மற்றபடி வங்கி மூன்று வருடத்துக்குள் சிவில் கோர்ட்டில் வழக்குப் போடலாம், ஒப்பந்தத்தில் இருந்தால் ஆர்பிட்ரேஷனுக்கு, அதாவது கோர்ட்டுக்கு வெளியே நடுவர் முன்னால் போகலாம். பணத்தைக் கட்டச் சொல்லும் கோர்ட் தீர்ப்பான டிகிரியை வாங்கினால் சம்பளத்தில் ஒரு பகுதியை ஜப்தி செய்யலாம். அதிலும் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. டிகிரி இருந்தாலும், கையில் வசதி இல்லாத ஒருவரைக் கடனுக்காகச் சிறையில் வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே சொல்லிவிட்டது.

செக் பவுன்ஸ் அப்படி இல்லை. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் அது கிரிமினல் வழக்கு. இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். ஆக, இல்லாத ஜெயிலைக் காட்டிப் பயமுறுத்தி, ஜெயிலுக்கு வழியுள்ள ஒரு காகிதத்தைத் தம்பி கையாலேயே எழுதி வாங்கியிருக்கிறார்கள். 'தொகையை நான் எழுதவில்லை' என்று சொல்லி மட்டும் தப்ப முடியாது. கையெழுத்து உங்களுடையது என்றால், கடனுக்காகக் கொடுத்த செக் என்றே கோர்ட் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. செக்குக்குப் பணம் தர வேண்டாம் என்று பேங்குக்கு ஸ்டாப் பேமெண்ட் கொடுத்தாலும் இதே பிரிவு பாயலாம். பேங்க் கணக்கிலிருந்து தானாக எடுக்கும் ஈசிஎஸ், நாச் பவுன்ஸ் ஆனாலும் கிட்டத்தட்ட இதே தண்டனைதான், அது 2007-ஆம் வருடச் சட்டம்.

வழக்கு சென்னையில் நடப்பதற்கும் காரணம் இருக்கிறது. செக்கை வாங்கியவரின் கணக்கு எந்த ஊர்க் கிளையில் இருக்கிறதோ அங்கேதான் வழக்குப் போட வேண்டும் என்று 2015-இல் திருத்தம் வந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் தம்பி லீவு போட்டுவிட்டு ராத்திரி ரயில் ஏறுகிறான். இப்போது கிடைத்திருக்கிற வேலைக்கும் இதனால் ஆபத்து.

வாங்கிய கடனைக் கட்டத்தான் வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் செட்டில்மெண்ட் என்றால் வங்கியின் லெட்டர்ஹெட்டில் தொகையும் தேதியும் எழுத்தில் வரட்டும். அதன் பிறகு பணத்தை நேராகக் கார்டு கணக்கிலேயே கட்டுங்கள். உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்று விழும், அடுத்த கடன் கிடைப்பது கஷ்டமாகும் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

வருகிற ஏஜெண்டிடம் அடையாள அட்டையையும் வங்கி கொடுத்த அங்கீகாரக் கடிதத்தையும் கேளுங்கள். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் வசூலுக்காகப் போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. மீறினால் போன் பதிவோடு வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448.

ஏற்கெனவே செக் கொடுத்து, அது பவுன்ஸ் ஆகி நோட்டீஸ் வந்துவிட்டதா? தபாலை வாங்காமல் திருப்பி அனுப்பாதீர்கள். கையில் கிடைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் செக் தொகையைக் கட்டிவிட்டால் 138-இல் வழக்குப் போட முடியாது. கட்ட வழியில்லை என்றால் அந்த 15 நாளுக்குள்ளேயே வக்கீலைப் பிடித்து, ஏஜெண்ட் எப்படி வாங்கினார், ரொக்கம் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று எல்லாம் எழுதிப் பதில் நோட்டீஸ் அனுப்புங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள், 15100-க்கும் அடிக்கலாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே இலவசம்.