நாலு வயதுக்கு எந்த நாட்டுப் பாடத்திட்டம்?

கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் முன்பள்ளி தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும், வாசல் பலகைகளிலேயே பாதி உலகத்தைப் பார்த்துவிடலாம். மொண்டிசோரி, லண்டன் சிலபஸ், சிங்கப்பூர் முறை. உள்ளே போன பெற்றோர் கேட்பது மட்டும் ஒன்றுதான்: “எப்ப எழுதப் பழக்குவீங்க?” சரி, அந்தக் கேள்வியை வைத்தே நாடுகளைப் பார்ப்போம்.

எழுத்தை முந்திக் கேட்பது இங்கிலாந்து. 2008 முதல் நடைமுறையில் இருக்கும் அவர்களின் இ.வை.எஃப்.எஸ். என்ற, பிறப்பு முதல் ஐந்து வயது வரைக்குமான கல்விச் சட்டகத்தில் ஏழு கற்றல் பகுதிகள், 17 இலக்குகள். நாலு, ஐந்து வயதினர் படிக்கும் ரிசெப்ஷன் வகுப்பு முடியும்போது பிள்ளை ஒவ்வொரு எழுத்துக்கும் ஒலி சொல்ல வேண்டும், பிறர் வாசிக்கக்கூடிய சின்ன வசனங்களை எழுத வேண்டும். ஆனால் அது ஐந்து வயதில், அதுவும் விளையாட்டு வழியாக. இங்கே சில இடங்களில் அதே பெயரைச் சொல்லி, மூன்றரை வயதுக் கையில் புள்ளிக்கோட்டுத் தாளைக் கொடுக்கிறார்கள். பலகையில் இங்கிலாந்து, பையில் நாலு கொப்பி.

பின்லாந்து நேர் எதிர். ஆறு வயதினருக்கான முன்னாரம்பக் கல்வி 2015இல்தான் கட்டாயமானது. பள்ளிக்கூடம் ஏழு வயதில். அதைக் காட்டி “எழுத்தே வேண்டாம்” என்று வாதிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஃபின்னிஷ் மொழியில் எழுதியபடியே வாசிக்கலாம், ஆங்கிலத்தில் அது நடக்காது. எங்கள் பிள்ளை ஐந்து வயது முடிந்ததும் தரம் 1இல் உட்கார்ந்தாக வேண்டும். அப்புறம், பின்லாந்தில் மூன்று வயதுக்கு மேற்பட்ட ஏழு பிள்ளைகளுக்குப் பொறுப்பாக ஒருவர் என்பது விதி. கொழும்பில் அப்படி நடத்தினால் கட்டணம் எங்கே போய் நிற்குமோ!

ஜப்பானியப் பாலர் பாடசாலைகளுக்கு ஆரோக்கியம், மனித உறவு, சுற்றாடல், மொழி, வெளிப்பாடு என்று ஐந்து துறைகள். எழுத்தைவிடக் கூடி வாழப் பழக்குவதற்கே அங்கு முதலிடம்.

எனக்கு மிகவும் பிடித்தது நியூசிலாந்தின் முன்பள்ளிப் பாடத்திட்டமான தெ ஃபாரிகி. 1996இல் வந்து 2017இல் திருத்தப்பட்டது. பரீட்சை இல்லை, நட்சத்திர ஸ்டிக்கர் இல்லை. அங்குள்ள ஆசிரியர்கள் ‘கற்றல் கதை’ எழுதுகிறார்கள். மணலில் கட்டிய பாலம் மூன்று தரம் இடிந்தும் பிள்ளை ஒரு பலகைத் துண்டைத் தேடி வந்து முட்டுக் கொடுத்தால், அது படத்தோடு பிள்ளையின் கோப்பில் ஏறும். “குட்”, “வெரி குட்” என்று நிறைந்த எங்கள் ரிப்போர்ட்டில் இப்படி ஒரு வரியைப் பார்க்க முடியுமா?

ஆனால் கொழும்புத் தமிழ்ப் பிள்ளையின் தலையிடி வேறு. வகுப்பில் ஆங்கிலம், ஸ்கூல் வான் வண்டியில் சிங்களம், தமிழ் அம்மம்மாவோடு மட்டும். இந்தச் சிக்கலை நேராகத் தொட்டது சிங்கப்பூர்தான். அங்கே முன்பள்ளி வயதிலேயே சீனம், மலாய், தமிழ் மூன்றுக்கும் தாய்மொழிப் பாடச்சட்டகம் உண்டு. 2014 முதல் கல்வி அமைச்சே பாலர் பள்ளிகளையும் நடத்துகிறது. இங்கே முன்பள்ளிகளில் பெரும்பாலானவை தனியார் கையில், ஆளுக்கொரு பாடத்திட்டம்.

அதனால் என் தெரிவு, மொழிக்குச் சிங்கப்பூர், மதிப்பீட்டுக்கு நியூசிலாந்து. அடுத்த முறை முன்பள்ளி பார்க்கப் போகிறவர்கள் சிலபஸ் பெயரை விட்டுவிட்டு இதைக் கேளுங்கள்: தமிழில் கதை சொல்ல ஒரு ரீச்சர் இருக்கிறாரா, இல்லை, அந்தப் பொறுப்பும் ஆயாவிடம்தானா?