நேவிக்குக்கு ஏற்றது எது: ருபிடியமா, சீசியமா, ஹைட்ரஜன் மேசரா?

நேவிக் என்பது இந்தியாவின் சொந்த இடங்காட்டும் செயற்கைக்கோள் அமைப்பு. அதன் செயற்கைக்கோள்கள் அணுக் கடிகாரங்களைச் சுமக்கின்றன. ருபிடியம், சீசியம், ஹைட்ரஜன் மேசர் (ஹைட்ரஜன் அணுக்கள் வெளியிடும் நுண்ணலையை வைத்து ஓடுவது) மூன்றும் அந்தக் கடிகார ரகங்கள். நேவிக்கின் புவிநிலைச் செயற்கைக்கோள்களுக்கு (பூமியோடு சேர்ந்து சுற்றி, வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரிபவை) ஒதுக்கிய இடங்களில் ஒன்று கிழக்குத் தீர்க்கரேகை 83 பாகை. வேலூர் இருப்பது 79-ல். அதனால் கோட்டை மைதானத்தில் நின்று பார்ப்பவருக்கு அந்த இடம் கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே, தெற்கே கொஞ்சம் சாய்ந்து, ஏறக்குறைய 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. எந்தக் கடிகாரம் நமக்குப் போதும் என்பதை முடிவு செய்வதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

சிக்னல் வந்துசேர எடுக்கும் நேரத்தை வைத்துத்தான் கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. ஒளி ஒரு நானோ செகண்டில் (செகண்டில் நூறு கோடியில் ஒரு பங்கு) 30 செ.மீ. ஓடிவிடும், சிக்னலும் அதே வேகம்தான். செயற்கைக்கோளின் கடிகாரம் மூன்று நானோ செகண்ட் பிசகினால் தூரக் கணக்கில் ஏறக்குறைய ஒரு மீட்டர் பிசகும். ஆனால் கடிகாரம் வேகமாக ஓடுவது மட்டும் குற்றமில்லை. ஜிபிஎஸ் கடிகாரங்கள் ஐன்ஸ்டீனின் சார்பியல் காரணமாகத் தரையில் உள்ளதைவிட நாளுக்கு 38 மைக்ரோ செகண்ட் முந்தும். எவ்வளவு முந்தும் என்று முன்கூட்டியே தெரிவதால் அதைக் கழித்துவிடுகிறார்கள். கணிக்க முடியாமல் அலைவதுதான் தொல்லை. நிலைத்தன்மை என்று நாம் அளப்பது இந்த அலைச்சலைத்தான்.

சீசியத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். செகண்டுக்கே இலக்கணம் வகுத்த அணு அது: 919,26,31,770 அலைவுகள். நாள்கணக்கில், மாதக்கணக்கில் சறுக்காது. ஆனால் குறுகிய நேரத்தில் இரைச்சல் அதிகம், குழாயில் உள்ள சீசியமும் மெல்லத் தீர்ந்துபோகும். அமெரிக்காவின் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் ஐஐஎஃப் என்ற வரிசையில் ருபிடியத்தோடு சீசியமும் இருந்தது. அடுத்து வந்த ஜிபிஎஸ் 3 வரிசையில் மூன்று கடிகாரங்களுமே ருபிடியம்.

மிச்சப் போட்டி ருபிடியத்துக்கும் ஹைட்ரஜன் மேசருக்கும்தான். ஐரோப்பாவின் இடங்காட்டும் அமைப்பான கலிலியோவின் செயற்கைக்கோள் ஒவ்வொன்றும் இரண்டு ரகத்திலும் இரண்டிரண்டைச் சுமக்கிறது. ஐரோப்பிய விண்வெளி முகமையின் கணக்குப்படி 12 மணி நேரத்தில் ருபிடியம் 1.8 நானோ செகண்ட் தவறும். மேசர் வெறும் 0.45. தூரமாகச் சொன்னால் 54 செ.மீ.க்கு எதிராக 13 செ.மீ. சொச்சம். அப்புறம் எடையைப் பாருங்கள்: ருபிடியம் 3.3 கிலோ, மேசர் 18 கிலோ.

நான்கு மடங்கு துல்லியம் யாருக்கு உதவும்? அணைக்கட்டுப் பக்கம் நிலம் அளக்கும் சர்வேயர் ஒரு கருவியைத் தெரிந்த கல்லின் மேல் நிறுத்தி, இன்னொன்றை வயலுக்குள் எடுத்துப் போவார். இரண்டும் ஒரே செயற்கைக்கோளைக் கேட்பதால், கழித்துப் பார்க்கும்போது அதன் கடிகாரப் பிழை விழுந்துவிடும். அவருக்கு எந்த ரகமானாலும் சரி. தனியாக நிற்கும் போனும் லாரி டிராக்கரும்தான் அந்தப் பிழையை முழுதாக வாங்கிக்கொள்கின்றன. சென்னை–பெங்களூரு சாலையில் போகும் லாரிக்கு 40 செ.மீ. வித்தியாசம் தெரியவே தெரியாது.

நேவிக்கின் செயற்கைக்கோள்கள் இந்தியத் தரை நிலையங்களின் பார்வையை விட்டு அகலுவதில்லை. உலகம் முழுக்கச் சுற்றும் கலிலியோவுக்குத் தரையிலிருந்து கடிகாரத் திருத்தம் வந்து சேரும்வரை தாக்குப்பிடிக்கும் கடிகாரம் வேண்டும். நமக்கு அடிக்கடி திருத்தம் அனுப்ப வசதி இருக்கிறது. ஆகவே நிலைத்தன்மையை மட்டும் பார்த்தால் என் ஓட்டு ருபிடியத்துக்கே.

ஆனால் நேவிக் அடிபட்டது நிலைத்தன்மையால் இல்லை. 2013 ஜூலையில் ஏவிய, நேவிக்கின் முதல் செயற்கைக்கோளான ஐஆர்என்எஸ்எஸ்-1ஏ-வில் மூன்று ருபிடியம் கடிகாரங்கள் இருந்தன, மூன்றுமே செயலிழந்தன. கலிலியோவிலும், அதன் செயற்கைக்கோள்கள் எல்லாவற்றிலுமாகச் சேர்த்து, மூன்று ருபிடியங்களும் அதைவிட அதிக எண்ணிக்கையில் மேசர்களும் நின்றுபோனதாக 2017 ஜனவரியில் அறிவித்தார்கள். இரு அமைப்புகளின் ருபிடியமும் ஒரே சுவிஸ் நிறுவனத்திலிருந்து வந்தவை. 1ஏ-வுக்கு மாற்றாக 2017 ஆகஸ்ட் 31 அன்று போன 1எச், ராக்கெட்டின் வெப்பக் கவசம் பிரியாததால் வீணானது. 2018 ஏப்ரலில் 1ஐ போய்ச் சேர்ந்தது.

2023 மே 29 அன்று ஏவிய, நேவிக்கின் புதிய தலைமுறைச் செயற்கைக்கோளான என்விஎஸ்-01, அகமதாபாத்தில் உருவான நம்முடைய சொந்த ருபிடியம் கடிகாரத்தைச் சுமந்து சென்றது. எனக்கு அது உண்மையிலேயே பெருமை. பழுதானால் காரணத்தைத் தோண்டிப் பார்க்க, வரைபடம் நம் கையிலேயே இருக்கும்.

இருந்தாலும், ஒரே ரகத்தில் மூன்றை வைப்பதை முழுக் காப்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு குறை மூன்றுக்கும் பொதுவாகிவிடலாம். இரண்டு ருபிடியத்தோடு ஒரு மேசரை ஏற்றும் எடைக் கூடுதலைத் தாங்கத்தான் வேண்டும். அப்படி ஒரு மேசர் சேர்ந்து இருந்திருந்தால், செய்தி அனுப்பும் வேலைக்கு மட்டும் ஒதுங்கிப்போன 1ஏ, இடம் காட்டும் வேலையிலும் தொடர்ந்திருக்க வாய்ப்பு உண்டு.