சின்ன அப்டேட்தான் சார்

கடையின் பெயரைச் சொல்லாமல் எழுதும் விமர்சனம் இது. ராமநாதபுரத்தில் எங்கள் பைக் கம்பெனிக்கென்று இருப்பது அந்த ஒரே சர்வீஸ் சென்டர்தான். அடுத்த தடவை ஆயில் மாற்றவும் அங்கேதான் போய் நிற்க வேண்டும். அதனால் கடை பெயரும் வேண்டாம், கம்பெனி பெயரும் வேண்டாம். ரீகால், அதாவது குறை இருக்கலாம் என்று விற்ற வண்டியைக் கம்பெனியே திரும்பக் கூப்பிட்டுச் சரிசெய்வது, என்று கூப்பிட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

நான் வேதாளையில் ஒரு நண்டு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். வல்லம் என்ற நாட்டுப்படகில் போகிறவர்கள் வலையிலிருந்து கழற்றிக் கொண்டுவரும் நண்டைப் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் எடை போட்டு, சீட்டு எழுதி, பணம் கொடுத்துவிட்டுத் திரும்புவது வேலை. தினமும் பாம்பன் பாலத்தை இரண்டு தடவை தாண்டியாக வேண்டும், சில நாள் நாலு தடவை. வண்டி செகண்ட் ஹேண்ட். கீழக்கரைக்காரர் ஒருவர் புதிதாக வாங்கி, ஆறு மாதம் ஓட்டிவிட்டு, துபாய்க்குக் கிளம்பும்போது எனக்குக் கொடுத்தார். அப்போது மீட்டரில் 3,100 கிலோமீட்டர்தான்.

புரட்டாசியில் ஆரம்பித்தது. நாலாவது கியரிலிருந்து அஞ்சுக்கு மாற்றும்போது காலடியில் ‘கடக்’ என்று ஒரு தட்டு. அப்புறம் சில நேரம் கியர் விழாமல் நடுவில் தொங்கும். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் எஞ்சின் மட்டும் கத்தும், வண்டி போகாது. பாலத்தில் கான்கிரீட் தளங்கள் சேரும் இடங்களில் இரும்புப் பட்டைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கும்போது கியர் பாக்ஸுக்குள் யாரோ சில்லறையைக் குலுக்குவது மாதிரி ஒரு சத்தம். உப்புக் காற்றில் செயின் துருப்பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். எங்கள் பக்கம் யார் வண்டியைப் பார்த்தாலும் செயின் செங்கல் நிறத்தில்தான் இருக்கும்.

உச்சிப்புளி மெக்கானிக் காக்காவிடம் (எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம்) காட்டினேன். செயினை இறுக்கினார், கிளட்ச் கேபிளை மாற்றினார், சத்தம் போகவில்லை. கடைசியில் ஆயிலை இறக்கினார். ஆயில் வடிக்கும் துளையை அடைக்கிற டிரெயின் போல்ட்டைத் துடைக்காமல் அப்படியே என் கையில் கொடுத்தார். அதன் நுனியில் காந்தம் இருக்கும். சாம்பல் நிற மாவு அதில் சேறாக அப்பியிருந்தது. அது எல்லா வண்டியிலும் கொஞ்சம் வருமாம். ஆனால் மாவுக்கு நடுவே நகம் வெட்டிப்போட்ட மாதிரி ஒரு இரும்புத் துணுக்கு, ஒரு பக்கம் வளைந்து, பளபளவென்று இருந்தது. “மாவு வந்தா தேய்மானம். இது சாமான் தம்பி. உள்ள எதுவோ உடையுது. நான் பிரிச்சா வாரண்டி போயிரும், கம்பெனிக்கே கொண்டு போ” என்றார். அன்றைக்குக் கூலி வாங்கவில்லை. துணுக்கை ஒரு சீட்டில் மடித்து பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

உடனே போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நண்டு வரத்து இருந்த நேரம், முதலாளியிடம் லீவு கேட்க வாய் வரவில்லை.

கார்த்திகையில் துபாயிலிருந்து வாட்ஸ்அப் வந்தது. பழைய ஓனர் தனக்கு வந்த கம்பெனி மெசேஜைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். குறிப்பிட்ட இரண்டு மாதங்களில் தயாரான வண்டிகளில் கியர் பாக்ஸ் பாகம் ஒன்றைச் சோதித்து, தேவைப்பட்டால் இலவசமாக மாற்றித் தருகிறார்களாம். கீழே, “தம்பி, நம்ம வண்டிதானே இது?” அவருக்கு அது வந்தே ஏழு வாரம் ஆகியிருந்தது. இந்திய சிம்மை எப்போதாவதுதான் போனில் போடுவாராம்.

முதல் புகார் இங்கேதான். ஆர்.சி. என் பெயருக்கு மாறி ஒன்றரை வருஷம் ஆகிறது. இன்சூரன்ஸ் என் பெயரில். இதே சர்வீஸ் சென்டரில் இரண்டு தடவை வண்டி விட்டிருக்கிறேன், பில் என் நம்பருக்குத்தான் வந்தது. தீபாவளிக்கு எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் என்று மெசேஜ் வந்ததும் என் நம்பருக்குத்தான். ஆபத்துச் செய்தி மட்டும் கடல் தாண்டிப் போயிருக்கிறது.

சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தால் சேஸிஸ் நம்பர் கேட்டார்கள். 17 எழுத்து. ஆர்.சி.யிலேயே இருக்கிறது. ஆனால் பதற்றத்தில் அது தோன்றாமல், ஹேண்டிலுக்குக் கீழே மண்ணெண்ணெய் தடவி, பழைய பல் பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். “ஆமா சார், உங்க வண்டியும் லிஸ்ட்ல இருக்கு. எப்ப வேணா கொண்டு வாங்க” என்றார் போனில் பேசிய பெண். எப்போது வேண்டுமானாலும்! செவ்வாய்க்கிழமை காலையிலேயே கிளம்பிவிட்டேன். வேதாளையிலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல். நாலாவது கியரைத் தாண்டாமல், கடற்படை விமானதளத்து மதில் ஓரமாக ஊர்ந்து போனேன்.

கடை நன்றாக இருக்கிறது. ஏ.சி., காபி மிஷின், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வேலை நடப்பதைப் பார்க்கலாம். சர்வீஸ் அட்வைசர் தம்பி மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் கியர் பாக்ஸில் என்ன குறை என்று கேட்டால், “சின்ன அப்டேட்தான் சார், பயப்பட ஒண்ணும் இல்ல” என்றார். என்ன வேலை என்று எழுதும் ஜாப் கார்டிலும் பொது செக்கப், அப்டேட் என்றுதான் எழுதினார். துணுக்கைக் காட்டினேன். முகம் கொஞ்சம் மாறியது. “எல்லா வண்டியிலும் இருக்காது சார், அந்த மாசத்து வண்டி எல்லாத்தையும் கூப்பிட்டுப் பாக்குறாங்க, அவ்வளவுதான்.” அது பொய்யும் இல்லை. 2021-ல் ராயல் என்ஃபீல்டு, எஞ்சினில் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலுக்காக 2,36,966 வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டபோது, அதில் 10 சதவீதத்துக்கும் குறைவான வண்டிகளுக்குத்தான் மாற்ற வேண்டியிருக்கும் என்று அவர்களே சொன்னார்கள். சரி, ஆனால் அந்தக் கொஞ்சத்தில் ஒன்று என் வண்டி என்று பர்ஸில் இருந்த துணுக்கு சொல்லிக்கொண்டிருந்ததே.

ரீகால் என்ற வார்த்தையை ஜாப் கார்டில் எழுதச் சொன்னேன். தயங்கினார். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது ரீகாலுக்கென்றே 110ஏ என்று ஒரு பிரிவையே சேர்த்திருக்கிறார்கள், 2021 ஏப்ரல் 1 முதல் விதிகளும் இருக்கின்றன, அரசாங்கமே எழுதிய வார்த்தையை நீங்கள் எழுத என்ன தயக்கம் என்றேன். (முந்தின ராத்திரி தூக்கம் வராமல் படித்தது. என் வண்டியைக் கூப்பிட்டது அரசு இல்லை, கம்பெனி தானாகவே. அதை நான் சொல்லவில்லை.) எழுதினார்.

ஒரே நாள் என்றவர்கள் நாலு நாள் எடுத்தார்கள். சாமான் மதுரையிலிருந்து வர வேண்டுமாம். போனில் பேசியபோதே சேஸிஸ் நம்பரைக் கொடுத்திருந்தேன், வரவழைத்துவிட்டே கூப்பிட்டிருக்கலாம். மாற்று வண்டி கிடையாது. நாலு நாளும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பாம்பன் போய், தங்கச்சிமடத்துக்கு இன்னொரு பஸ். இரண்டாவது நாள் நான் போய்ச் சேர்வதற்குள் வேறு வியாபாரி நண்டை எடுத்துவிட்டார்.

மூன்றாவது நாள் மாலை போய்ப் பார்த்தேன். அங்கே ஒரு சீனியர் மெக்கானிக் இருந்தார். இந்தக் கடைக்கு நான் கொடுக்கும் மார்க் முழுக்க அவருக்குத்தான். எஞ்சினை வண்டியின் ஃப்ரேமிலிருந்து இறக்கி, இரண்டாகப் பிளந்து, கியர் சக்கரங்கள் கோத்த தண்டான பழைய ஷாஃப்டை தினத்தந்தி மேல் வைத்திருந்தார். என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். கியர் எல்லாம் எப்போதும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டேதான் சுற்றுமாம். நாம் காலால் மாற்றுவது, எந்தப் பல்சக்கரம் ஷாஃப்டோடு பூட்டிக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும்தான். சில சக்கரங்கள் பக்கவாட்டில் நகரும், சில நகரவே கூடாது. நகரக் கூடாததைப் பிடித்து நிறுத்துவது, ஷாஃப்டில் வெட்டிய பள்ளத்தில் உட்காரும் சர்க்கிளிப் என்ற வளையம்.

அந்த வளையத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அஞ்சு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரியது, எடையே தெரியவில்லை. வாய் விரிந்துபோய், ஒரு காது உடைந்திருந்தது. பர்ஸைத் திறந்து துணுக்கை எடுத்து அந்தக் காதில் வைத்தேன். பொருந்தியது. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “வளையம் முழுசாக் கழண்டா இந்தச் சக்கரம் நகர்ந்து, ரெண்டு கியர் ஒண்ணாப் பூட்டிக்கும். பின்சக்கரம் கட்டிப்போட்ட மாதிரி நிக்கும். கிளட்ச் பிடிச்சாலும் விடாது. நீங்க எந்தப் பக்கம் ஓட்டுறீங்க?” என்றார். பாம்பன் பாலம் என்றேன். குறுக்குக் காற்று, மழையில் வழுக்கும் இரும்புப் பட்டை, ரயில் பாலத்தைப் படமெடுக்க ஓரமாக நிறுத்திய சுற்றுலா வேன்கள். அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. முன்பக்கம் இருந்த தம்பி இதைத்தான் சின்ன அப்டேட் என்றார்.

வளையத்தைக் கேட்டேன். பழைய சாமானைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று தரவில்லை, போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

பில்லில் ஷாஃப்ட், வளையம், கேஸ்கட், கூலி எல்லாம் பூஜ்யம். ஆனால் ஆயில், ஃபில்டர் என்று 1,140 ரூபாய் போட்டிருந்தார்கள். எஞ்சினைப் பிளந்தது நீங்கள், ஆயில் கொட்டியதும் உங்களால் என்று சொன்னேன். சீனியர் வந்து ஒரு வார்த்தை சொன்னதும் அந்தத் தொகையை பில்லில் அடித்துவிட்டார்கள். வாட்டர் வாஷ் 120 ரூபாயைக் கொடுத்துவிட்டேன், நண்டு நாற்றம் போக நன்றாகவே கழுவியிருந்தார்கள்.

இப்போது 1,800 கிலோமீட்டர் ஓடிவிட்டது. அஞ்சாவது கியர் வெண்ணெய் மாதிரி விழுகிறது, பாலத்தில் சில்லறைச் சத்தம் இல்லை. வேலைக்கு அஞ்சுக்கு நாலரை கொடுக்கலாம், பேச்சுக்கு ஒன்று. செகண்ட் ஹேண்ட் வண்டி வைத்திருப்பவர்கள் மெசேஜ் வரட்டும் என்று இருக்காதீர்கள். சேஸிஸ் நம்பரைக் கொடுத்து, ரீகால் பாக்கி இருக்கிறதா என்று நீங்களே கேளுங்கள்.

அரை மார்க் ஏன் குறைந்தது என்றால், செயின் ஓடும் பல்சக்கரத்தை மூடுகிற ஸ்ப்ராக்கெட் கவரில் ஒரு போல்ட்டைப் போட மறந்துவிட்டார்கள். காக்காதான் கண்டுபிடித்தார். தன் டப்பாவில் துழாவி ஒன்றை எடுத்து முடுக்கினார். இந்தத் தடவை இருபது ரூபாய் வாங்கிக்கொண்டார்.