உடுக்கும் கிட்டாரும் அம்மாட ஞாபகமும்

எங்கட திருகோணமலைப் பொடியன் ஒருத்தன் தானே எழுதித் தானே பாடின புது அல்பம், எட்டுப் பாட்டு, நேற்றுப் பின்னேரம் டச்பே கடற்கரைல ஹெட்போனப் போட்டுக்கொண்டு முழுசாக் கேட்டன். ரெண்டாவது பாட்டு 2004 சுனாமியில போன அவன்ட அம்மாவப் பத்தி, ஒப்பாரியாத் தொடங்கி அப்பிடியே தாலாட்டா மாறுது, நடுவில உடுக்குச் சத்தம் மட்டும்தான், கடலுக்கு முன்னால இருந்து அதக் கேட்டது என்ட பிழை, அழுதிட்டன். 2009ல கிண்ணியாப் பாலம் திறக்க முந்தி அப்பாவோட பாதையில, அதான் ஆக்களையும் வாகனங்களையும் ஏத்தித் தண்ணியக் கடக்கிற மிதவையில, ஏறிப்போன கதையும் ஒரு பாட்டா வருது, பாதையெண்டா என்னெண்டு இப்பத்தப் பிள்ளையளுக்கு விளங்குமோ தெரியேல்ல. கடைசி ரெண்டிலயும் கீபோர்ட் கூடிப்போய்க் குரலே அமுங்கிட்டுது, சரியான இழுவை. ஆயிரம் ரூவா, பென்டிரைவ்லதான் தாறான், ரெண்டாவது பாட்டுக்காகவே வாங்கலாம்.