ஆர்.வி. முகாமா, இலவசப் பொது நிலமா?

அமெரிக்காவில் ஆர்.வி. வண்டியோடு (படுக்கை, சமையலறை, கழிவறை எல்லாம் உள்ள நடமாடும் வீடு) சுற்றுபவர்களுக்கு ராத்தங்க இரண்டு வழி உண்டு: காசு கட்டி முகாம், இல்லையென்றால் அரசின் பொது நிலத்தில் இலவசமாக.

பெரிய வித்தியாசம் மின்சாரத்தில்தான். முகாமில் 30 ஆம்பியர் இணைப்பு என்றால் சுமார் 3,600 வாட். ஒரு ஏசி தாராளமாக ஓடும். கூடவே மைக்ரோவேவையும் ஹீட்டரையும் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். இரண்டு ஏசி உள்ள வண்டிக்கு 50 ஆம்பியர் வேண்டும். பொது நிலத்தில் சோலாரும் பேட்டரியும்தான். ஏசி வேண்டுமென்றால் பெரும்பாலும் ஜெனரேட்டர் இரைச்சலோடுதான் தூக்கம்.

அப்புறம் கழிவுநீர். யாரும் ஆசையாகப் பேசாத விஷயம், ஆனால் பயணத்தையே தீர்மானிப்பது இதுதான். வடிகால் இணைப்புள்ள முகாமில் குழாயை மாட்டி, முதலில் வண்டியிலுள்ள கழிவறைத் தொட்டியைத் திறக்க வேண்டும். அடுத்து குளித்த, கழுவிய தண்ணீரை விட்டால் அதுவே குழாயை அலசிவிடும். பொது நிலத்தில் தொட்டி நிரம்பினால் அதைக் காலி செய்யக் கிளம்ப வேண்டியதுதான்.

தனிமைக்குப் பொது நிலம்தான், சந்தேகமே இல்லை. முகாமில் பக்கத்து வண்டியின் டிவி சத்தம் நம் படுக்கை வரை வரும். ஆனால் பொது நிலத்திலும் பல இடங்களில் 28 நாளுக்குள் 14 நாள்தான் தங்கலாம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நான் முகாமைத்தான் சொல்வேன்.