சி டிரைவ் சிவப்பாயிடுச்சா? கடைக்குத் தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

4,800 ரூபாய். போன வாரம் ஒரு லேப்டாப் சர்வீஸ் கடையில கொடுத்த பணம். இன்னைக்குத்தான் விஷயம் தெரிஞ்சது. வயிறு எரியுது, அப்படியே எழுதறேன்.

2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் முடிஞ்சதால 11-க்கு மாத்தினோம். மாத்தின கையோட சி டிரைவ் நிரம்பி, கோடு சிவப்பாயிடுச்சு. கடைக்காரத் தம்பி உட்கார வச்சு, ஸ்க்ரீனை என் பக்கம் திருப்பி, அந்தக் கோட்டைக் காட்டினார். "அக்கா, 256 ஜிபி எஸ்எஸ்டி (லேப்டாப்ல எல்லாத்தையும் சேமிச்சு வைக்கற டிஸ்க்) இதுக்குப் பத்தாது. 512 போட்டுத் தர்றேன், ஒரு ஃபைல்கூடப் போகாது. பாப்பா என்ன படிக்குது? அது காலேஜ் முடிக்கிற வரைக்கும் தாங்கும்." அப்படி அக்கறையா விசாரிச்சா யார்தான் நம்ப மாட்டாங்க? சாயங்காலம் போனப்ப கோடு நீலமா இருந்தது. 4,800-ஐ அங்கேயே போன்ல அனுப்பிட்டேன்.

இன்னைக்கு என் தம்பி திறந்து பார்த்தான். சி டிரைவ் மொத்தமே 256 ஜிபி டிஸ்க்குக்குக் காட்டற அதே 237 ஜிபி. 512 போட்டிருந்தா 476 கிட்ட காட்டணுமாம். டாஸ்க் மேனேஜர்ல டிஸ்க் மாடலும் பழையதேதான். விண்டோஸ்.ஓல்டு ஃபோல்டரை மட்டும் அழிச்சிருக்காங்க! அப்டேட் ஆகும்போது பழைய விண்டோஸை அதுலதான் எடுத்து வைக்கும், வேண்டாம்னா திரும்பிப் போறதுக்கு. பெரும்பாலும் 10 நாள்ல தானாவே அழிஞ்சிடும். தானாப் போறதை அழிச்சதுக்கு 4,800! இப்ப 11-ல பிரிண்டர் ஓடலை, திரும்ப 10-க்குப் போற வழியும் அடைஞ்சு போச்சு.

போன் பண்ணினா "ஓனர் வெளியூர்ல இருக்கார்". நேர்ல போனா "பில் இருக்கா?" கொடுத்ததே 'சர்வீஸ்'னு கிறுக்கின துண்டுச் சீட்டு. பழைய எஸ்எஸ்டியைக் கொடுங்கன்னு கேட்டேன், "அதெல்லாம் ஸ்கிராப்புக்குப் போயிடுச்சுக்கா"ங்கறார். லேப்டாப்புக்குள்ள இருக்கறது எப்படிங்க ஸ்கிராப்புக்குப் போகும்? அப்புறம் போனையே எடுக்கலை.

எப்படி இடம் பண்றதுன்னு விவரமா எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியலை. செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் போங்க. 'ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்' இருந்தா டிக் பண்ணி அழிங்க, பைசா செலவில்லை. அழிக்கறதுக்கு முன்னாடி விண்டோஸ்.ஓல்டு உள்ள யூசர்ஸ் ஃபோல்டர்ல உங்க போட்டோ ஏதும் தங்கியிருக்கான்னு பாருங்க. வின்எஸ்எக்ஸ்எஸ் (WinSxS) ஃபோல்டர்ல மட்டும் கை வைக்காதீங்க, அது விண்டோஸுக்கே தேவையான ஃபைல்கள் இருக்கற இடம். பார்ட்ஸ் மாத்தினா சீரியல் நம்பர் போட்ட பில்லும் கழட்டின பழைய பார்ட்டும் கைக்கு வந்த பிறகு பணம் கொடுங்க.